செத்தவன் வீட்டுக்குத் திரும்பி வந்தால்... (டிராகுலா கோட்டை முதல் ஜவ்வாது மலை வரை)

போன அக்டோபரில் எங்கள் விடுதியில் ஒரு அறை மட்டும் திடீரென்று இருண்டு போனது. மின்வெட்டு இல்லை. என் அறைத்தோழன் செய்த வேலை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, சுவர் முழுக்க வவ்வால் ஸ்டிக்கர், மேசை மேல் மண்டையோடு வடிவத்தில் மெழுகுவர்த்தி, புத்தகம் அடுக்க சவப்பெட்டி வடிவத்தில் ஒரு மர அலமாரி. எல்லாம் ஆன்லைனில் வாங்கியது. கேட்டால் "இது கோதிக் ஸ்டைல்டா, வாம்பயர் தீம்" என்கிறான். மெஸ் பில் கட்டக் காசில்லை, சவப்பெட்டிக்கு மட்டும் இருக்கிறது :-)

அதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஜவ்வாது மலையைச் சேர்ந்த எங்கள் வகுப்பு நண்பனும் ஒருவன். ஜமுனாமரத்தூருக்கு அந்தப் பக்கம் ஊர். அதிகம் பேசமாட்டான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஊருல எல்லாரும் செத்தவன் திரும்பி வந்துடக்கூடாதுன்னு வாசல்ல எதையாவது கட்டுவாங்க. நீங்க என்னடான்னா வா வான்னு கூப்பிடறீங்க?" எல்லோரும் சிரித்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்க மலையில வாம்பயர் நிறைய இருக்குமே, ரெண்டு பிடிச்சுட்டு வாயேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "நாங்களே அதுதான்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவன் கோபத்தில் சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன். அது வரலாறு என்று புரிய மூன்று மாதம் ஆனது. அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னால், சவப்பெட்டி அலமாரி எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அதுவே ஒரு பெரிய கதை.

வாம்பயர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கறுப்பு அங்கி போட்ட, நல்ல இங்கிலீஷ் பேசுகிற ஒரு பிரபு. ஆனால் பழைய ஆவணங்களில் வருகிற வாம்பயர் பிரபுவே அல்ல, சாதாரண குடியானவன். 1725இல் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்த செர்பியப் பகுதியில் கிசில்யேவோ என்று ஒரு கிராமம். பீட்டர் பிளாகோயெவிச் என்பவர் இறந்துபோகிறார். அவர் இறந்து கொஞ்ச நாளில், எட்டு நாளுக்குள் ஒன்பது பேர் வரிசையாகச் சாகிறார்கள். செத்துப்போன பீட்டர் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாகச் சாகும்போது சொல்கிறார்கள். அவர் மனைவியோ, கணவர் வீட்டுக்கு வந்து தன்னுடைய தோல் செருப்பைக் கேட்டார் என்று சொல்லிவிட்டு ஊரையே காலி செய்துகொண்டு போய்விடுகிறார். கடைசியில் ஊர்க்காரர்கள் அதிகாரி முன்னிலையில் குழியைத் தோண்டி, உடலில் கழியைப் பாய்ச்சி, எரித்துவிட்டார்கள். அந்த அதிகாரி எழுதிய அறிக்கை அதே ஆண்டு வியன்னாவில் பத்திரிகையிலும் வந்தது.

எனக்கு இந்தச் சம்பவத்தில் ரத்தத்தைவிட அந்தச் செருப்புதான் மனதில் நிற்கிறது. மனுஷன் செத்த பிறகு வேறு எங்கும் போகவில்லை. வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான். கேட்டதும் தன் சொந்தப் பொருளைத்தான். பழைய வாம்பயர் நம்பிக்கையின் மையமே இதுதான்: செத்தவன் வீட்டுக்குத் திரும்புவது, திரும்பி வந்து கூட நாலு பேரை அழைத்துக்கொண்டு போவது.

நம் ஊரில் இது இல்லையா என்ன? "சனிப்பிணம் தனியாகப் போகாது" என்று சொல்லிப் பாடையில் கோழிக்குஞ்சு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கிசில்யேவோ கிராமத்தார் ஒன்பது பேர் செத்த பிறகு பயந்தார்கள். நம்மவர்கள் முதல் ஆளோடு கணக்கை முடித்துவிடக் கோழியைக் கொடுத்துவிடுகிறார்கள். எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். குளிக்காமல் நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டவும் விடமாட்டார்கள். "வரேன்" என்ற ஒரு சொல்லுக்கே அவ்வளவு பயம்.

ஐரோப்பாவில் அந்தப் பீதி இன்னும் முப்பது ஆண்டுகள் ஓடியது. குழி தோண்டுவது, கழி பாய்ச்சுவது எல்லாம் அதிகமாகி, 1755இல் பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டனிடம் விஷயத்தை ஆராயச் சொன்னார். அவர் இதெல்லாம் அறியாமை என்று எழுதிக்கொடுக்க, பிணத்தைத் தோண்டி எரிப்பதற்கு அரசாணை போட்டுத் தடை விதித்தார்கள். கிராமத்தில் வாம்பயர் கதை அத்தோடு அடங்க ஆரம்பித்தது.

சரியாக அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பணக்காரர் தன் வீட்டைக் கல்லறை மாதிரி அலங்கரித்துக்கொண்டிருந்தார்! ஹொரேஸ் வால்போல் என்று பெயர். பிரதம மந்திரியாக இருந்த ராபர்ட் வால்போலின் மகன். லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டை 1749இல் சொந்தமாக வாங்கி, பல வருஷம் செலவழித்து அதை ஒரு குட்டிக் கோட்டையாக மாற்றினார். கூர்நுனி ஜன்னல், வண்ணக் கண்ணாடி, இருட்டு மாடிப்படி. பழைய பேராலயங்களில் கல்லில் இருந்ததை இவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். கேன்டர்பரி பேராலயத்தில் வார்ஹாம் என்ற பேராயரின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறை வடிவத்தைப் பார்த்து, தன் வீட்டில் குளிர்காயும் கணப்பு அடுப்புக்கு முகப்பு செய்துகொண்டார். பெரிய கூடத்து மேற்கூரை வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள அரசர் ஏழாம் ஹென்றியின் தேவாலயத்தைப் பார்த்துச் செய்தது. அங்கே கல், இங்கே காகிதக் கூழ். ஆமாம், பொம்மை செய்கிற அதே காகிதக் கூழ்தான். கோதிக் வீட்டலங்காரம் பிறந்தபோதே டூப்ளிகேட்டாகத்தான் பிறந்தது. என் அறைத்தோழனின் பிளாஸ்டிக் மண்டையோட்டைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமையில்லை என்று இதைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வீட்டில் தூங்கும்போது வால்போலுக்கு ஒரு கனவு. மாடிப்படிக் கைப்பிடிமேல் இரும்புக் கவசம் பூட்டிய ராட்சசக் கை. எழுந்து எழுத ஆரம்பித்தார். 1764 கடைசியில் வெளியான 'தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ' நாவல் அப்படி வந்தது. கோதிக் நாவல் என்ற வகைக்கே அதுதான் முதல் என்கிறார்கள். அதாவது நாவலைப் படித்து வீட்டை அலங்கரிக்கவில்லை. அலங்கரித்த வீடுதான் நாவலை எழுத வைத்தது.

வாம்பயர் இந்த வீட்டுக்குக் குடிவந்தது இன்னும் பின்னால். 1819இல் ஜான் பொலிடோரி எழுதிய கதையில்தான் குடியானவ வாம்பயர் பிரபுவாக மாறினார். 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது, மிச்சத்தை அது முடித்துவைத்தது. வவ்வால், கோட்டை, சவப்பெட்டி எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. (ரத்தம் குடிக்கும் வவ்வால் இனம் அமெரிக்கக் கண்டத்தில்தான் உண்டு. டிராகுலாவின் ருமேனியாவிலும் கிடையாது, நம் ஊரிலும் கிடையாது. நம் ஊர்க் கோயில் வவ்வால்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.)

டிராகுலா நாவலில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர் முதலில் கூப்பிடாமல் வாம்பயர் உள்ளே நுழைய முடியாது என்ற விதி. அத்தனை பலம் இருந்தும் நிலைப்படியைத் தாண்ட அனுமதி வேண்டும்! இரண்டு, லண்டனுக்கு வரும்போது அவர் தன் ஊர் மண்ணை ஐம்பது பெட்டியில் நிரப்பிக் கப்பலில் கொண்டுவருகிறார். அந்த மண்ணில் படுத்தால்தான் அவருக்கு ஓய்வு. வெளியூர் விடுதியில் இருக்கும் நமக்கெல்லாம் அந்தக் கஷ்டம் கொஞ்சம் புரியும்.

*

இப்போது நம் பக்கம் வருவோம். வாம்பயர் என்றால் தமிழில் என்ன? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் "ரத்தக் காட்டேரி" என்பார்கள். ஆங்கிலேயரைக் கேட்டிருந்தால் "வேதாளம்" என்றிருப்பார்கள். ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வேதாளக் கதைகள் 25இல் 11ஐ எடுத்து, தன் கைச்சரக்கையும் நிறையக் கலந்து 'விக்ரம் அண்ட் தி வாம்பயர்' என்று வெளியிட்டார். அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த படம் ஞாபகம் இருக்கும்: ஒரு கையில் வாள், தோளில் பிணம், நடந்து போகும் ராஜா. அந்தப் பிணத்துக்குள் இருப்பதுதான் வேதாளம். அது ரத்தம் குடிப்பதே இல்லை. கதை சொல்லிக் கேள்வி கேட்டு, பதில் வந்ததும் மறுபடி முருங்கை மரம் ஏறிக்கொள்ளும். நம் வைவா தேர்வாளர் மாதிரி. அதைப் போய் வாம்பயர் என்றால் எப்படி?

கொசுறாக ஒரு தகவல். இந்தப் பர்ட்டனை பிராம் ஸ்டோக்கர் நேரில் சந்தித்திருக்கிறார். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு உயர்ந்து கோரைப்பல் பளிச்சென்று தெரிந்ததை மறக்காமல் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். டிராகுலாவின் பல்லுக்கு அதுதான் மூலம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

காட்டேரி விஷயம் வேறு. அவள் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பிடிப்பவள், ரத்தம் குடிப்பவள் என்று பயம். ஆனால் அவளே சாமியும்கூட. காட்டேரி அம்மனுக்கு ஊருக்கு வெளியே படையல் போடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்கள் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் அவளையும் கூடவே கொண்டுபோனார்கள். இன்றும் அங்கே அவளுக்கு வழிபாடு உண்டு. ஐம்பது பெட்டி மண் இல்லாமலே கடல் தாண்டியவள். ஐரோப்பியர் ரத்தம் குடிப்பவனைக் கழியால் குத்தினார்கள். நம்மவர்கள் "இந்தா உன் பங்கு, எல்லையிலேயே நில்" என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லை என்றால் வீட்டுக்கு நிலைப்படி. தமிழ் வீட்டின் அலங்காரத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதில் முக்கால்வாசி அழகுக்காக வைத்ததே இல்லை. மாவிலை, வேப்பிலை, மஞ்சள் குங்குமம், எலுமிச்சை மிளகாய், தலைகீழாகத் தொங்கும் கற்றாழை, கோரைப்பல்லும் நாக்கும் தள்ளிய திருஷ்டி பொம்மை. கட்டி முடிக்காத வீட்டின்மேல் பூசணிக்காயில் வரைந்த முகம். ஹாலோவீனுக்கு வெள்ளைக்காரன் பூசணிக்காயில் முகம் செதுக்குவதைப் படம் எடுத்துப் போடுகிறோமே, நம் தெருவிலேயே வருஷம் பூராவும் தொங்குகிறது! கோயில் வாசலுக்குப் போனாலும் இதே கதை. தோரண உச்சியில் பிதுங்கிய கண்ணோடு இருக்கும் கீர்த்திமுகம், பசி தாங்காமல் தன் உடம்பையே தின்று தலை மட்டும் மிஞ்சிய பூதம் என்பது புராணம். சிவன் அதைத் தன் வாசலிலேயே காவல் வைத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் நிலைப்படியில் உட்கார்ந்தால் பாட்டி திட்டுவாளே, அதற்கும் நரசிம்மர் இரணியனைக் கிழித்துக் குடலை மாலையாகப் போட்டது நிலைப்படியில்தான் என்று காரணம் சொல்வார்கள்.

உச்சபட்ச கோதிக் வேண்டுமென்றால் வெள்ளைக்காரனிடம் போகவே வேண்டாம். 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் 'கோயில் பாடியது' என்று ஒரு பகுதி. காளிக்குக் கோயில் கட்டுகிறார்கள். செங்கல்லுக்குப் பதில் வெட்டுண்ட தலைகள், சேற்றுக்குப் பதில் நிணமும் குருதியும் குழைத்த கலவை. பேய்கள் கூழ் காய்ச்சும் காட்சி பின்னால் தனியாக வருகிறது. பள்ளிக்கூடத்தில் நமக்கு இதிலிருந்து நாலு சாதுவான பாட்டை மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தை ஒளித்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இத்தனை கோரமும் கோயிலில், போர்க்களத்தில், வாசலுக்கு வெளியில். வீட்டுக்குள்ளே ஒன்றுகூட இல்லை. வால்போல் கல்லறையை அடுப்புக்கு மேலே வைத்தார். நம் ஊரில் கோரப்பல் நிலைப்படிக்கு வெளியேதான் நிற்கும்.

*

பொங்கல் லீவில் அந்த நண்பன் ஊருக்குக் கூப்பிட்டான். மன்னிப்பு கேட்க ஒரு வாய்ப்பு என்று நானும் கிளம்பினேன். போளூரிலிருந்து மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறி ஜமுனாமரத்தூரில் இறக்கிவிட்டது. ஜனவரிக் குளிர். வெளியாட்களுக்கு இந்த மலை காவலூர் தொலைநோக்கியாலும் பீமன் அருவியாலும்தான் தெரியும். இங்கே இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். கல்லூரி முதல் வருஷம் முழுக்க "நீ மலையாளியா? அப்ப மலையாளம் பேசு" என்று அவனைக் கடித்தவர்களில் நானும் உண்டு.

போகிற வழியில் கீழ்செப்பிளிப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினான். பெரிய பெரிய பலகைக் கற்களை நிற்கவைத்துப் பெட்டி மாதிரி கட்டி, மேலே ஒரு கனத்த கல்லை மூடியாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. தொல்லியலில் கல்திட்டை என்பார்கள். பெருங்கற்காலத்து ஈமச்சின்னம், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. மலைமக்கள் வைத்திருக்கும் பெயர் "வாலியர் வீடு". வாலியர் என்பவர்கள் முன்னொரு காலத்தில் இங்கே வாழ்ந்த குள்ளமான மனிதர்களாம், இதெல்லாம் அவர்கள் குடியிருந்த வீடாம். படித்த நாம் சமாதி என்கிறோம், அவர்கள் வீடு என்கிறார்கள். குனிந்து அந்தத் துளையைப் பார்த்தபோது எனக்கு அவர்கள் சொல்வதுதான் சரி என்று பட்டது. சும்மா புதைக்க வேண்டுமென்றால் துளை எதற்கு? அது வாசல். வந்து போக ஒரு வழி விட்டிருக்கிறார்கள். செத்தவர் திரும்பி வருவதைப் பற்றி அந்தக் காலத்தவருக்குப் பயம் மட்டும் இருந்திருக்காது.

நண்பன் வீட்டுக்குப் போனதும் முதலில் வாசலைத்தான் பார்த்தேன் (ஆராய்ச்சிப் பழக்கம்!). அரசாங்கத்தில் கட்டிக்கொடுத்த சின்ன கான்கிரீட் வீடு, ஒட்டினாற்போல் பழைய மண்வீடு. மண்வீட்டு நிலையில் மாவிலையும் வேப்பிலையும். நடுவில் மஞ்சள் பூசி, நூலில் தொங்கவிட்ட ஒரு கிழங்கு. ஆகாச கருடன் கிழங்கு. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியபடியே கொடிவிடும். வாடிப்போனால் கெட்டது எதையோ அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அவன் ஆயாவுக்கு மொபைலில் எங்கள் அறைப் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "கறுப்புத் துணி, மண்ட ஓடு, வெளக்கு... இன்னா தம்பி, யாருக்குக் கருமாதி?" என்றார்.

சாமைச் சோறு சாப்பிட்டு முடித்து வெளியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பழைய பேச்சை எடுத்தேன். "நாங்களே அதுதான்னு அன்னிக்கு ஏன் சொன்ன?" அவன் ஆயாவைப் பார்த்தான். அவர் கதை சொன்னார். பிறகு நூலகத்தில் தேடினால், 1881இல் வந்த வட ஆற்காடு மாவட்ட மேனுவலிலும், அதை ஒட்டி 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் அதே கதை இருக்கிறது. சில இடம் மாறும், எலும்பு ஒன்றுதான்.

காஞ்சிபுரத்தில் காரைக்காட்டு வேளாளர்கள் இருந்தார்கள். கங்குந்தி என்ற ஊர் வேடர்கள் வந்து பெண் கேட்டார்கள். இவர்கள் மறுக்க, கோபத்தில் வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் கிளம்பினார்கள், கூட ஏழு நாய்கள். கிளம்பும்போது மனைவிமாரிடம் சொன்னார்கள்: நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்துவிடுங்கள். போகிற வழியில் பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி, காஞ்சிபுரத்துக்கே போய்விட்டன.

மற்றதை நீங்களே ஊகிக்கலாம். நாய்களைப் பார்த்ததும் வீட்டில் அழுகை. கருமாதி நடந்தது. மனைவிகள் தாலி அறுத்தார்கள். அந்த ஏழு பேரோ வேடர்களை வென்று, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் நிற்கிறார்கள். உள்ளே அவர்கள் செத்துப்போய்விட்டார்கள். ஊரும் சேர்த்துக்கொள்ளவில்லை. இறந்தவனுக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் திரும்பி நடந்து, வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு, ஜவ்வாது மலை ஏறி விவசாயம் செய்ய ஆரம்பித்தார்கள். அவர்கள் வம்சம்தான் இவர்கள்.

"நாயி திரும்பிப் போச்சு, ஆளு வந்தும் சேர்க்கல" என்று ஆயா முடித்தார். அவ்வளவுதான். அவர் குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

எனக்கு உடனே கிசில்யேவோ பீட்டர்தான் ஞாபகம் வந்தார். அங்கே செத்தவன் உயிரோடு வந்து செருப்பு கேட்டான். இங்கே உயிரோடு இருப்பவர்கள் வந்து நின்றார்கள், செத்தவர் என்று சொல்லிவிட்டார்கள். மகா மோசமான வாம்பயர் கதை இதுதான். இதில் ரத்தம் குடிப்பவன் யாருமே இல்லை.

மேனுவல் இந்தச் சம்பவத்துக்கு கி.பி. 1132 என்று ஒரு ஆண்டும் தருகிறது. விக்கிரம சோழன் காலம். வாய்வழிக் கதைக்கு இவ்வளவு துல்லியமான ஆண்டு எனக்கு உறுத்துகிறது. யாரோ படித்தவர் பின்னால் கணக்குப் போட்டுச் சேர்த்திருக்க வேண்டும். சேர்வராயன், கொல்லிமலைப் பக்கத்து மலையாளிகளிடம் காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்று வேறு கதை உண்டு. ஆக, இதை நடந்த சம்பவம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு கூட்டம் தங்கள் பிறப்பைச் சொல்லும்போது ராஜா, கடவுள் என்று ஆரம்பிக்காமல், எங்களுக்குக் கருமாதி செய்துவிட்டார்கள் என்று ஆரம்பிக்கிறதே, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு நிஜம் இருக்கிறது. "அவனைத் தலைமுழுகிட்டேன்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். சாதி மாறிக் கல்யாணம் செய்த மகளுக்கு உயிரோடு இருக்கும்போதே காரியம் செய்த அப்பாக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். கதையில் அவர்கள் தள்ளப்பட்டது செத்ததாலா, வேடர் பெண்களைக் கட்டியதாலா? கதை முதலாவதைச் சொல்கிறது. எனக்கென்னவோ இரண்டாவதை மறைக்கத்தான் முதலாவது வந்தது என்று தோன்றுகிறது. இது என் ஊகம், திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

இதே சிக்கல் மற்ற நாட்டுக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. வெளியூரில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்து, பிறகு உயிரோடு திரும்புகிறவன், ரோமாபுரியில் வாசல் வழியாக உள்ளே வரக்கூடாது. கூரைமேல் ஏறி, ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்க வேண்டும் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் இன்னும் சுவாரசியம். அரிஸ்டினஸ் என்பவருக்கு ஈமச்சடங்கு முடிந்துவிட்டது, ஆள் வந்து நிற்கிறார். டெல்ஃபி கோயிலில் குறி கேட்டார்கள். குழந்தையைப் போலக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி, பெண்களிடம் பால் குடிக்க வைத்து மறுபடி பிறந்தவராகச் சேர்த்துக்கொண்டார்கள். நம் பழைய சாத்திரத்திலும் இப்படி ஒரு வழி இருந்தது என்று ஃப்ரேசர் எழுதியிருக்கிறார். திரும்பியவனை ஒரு ராத்திரி கொழுப்பும் நீரும் கலந்த தொட்டியில், கருவில் இருக்கும் குழந்தை மாதிரி கைகளை மூடிக்கொண்டு உட்காரவைத்து, பிறகு பிறப்புச் சடங்கெல்லாம் முதலிலிருந்து செய்வார்களாம். அதாவது மனசு வைத்தால் வழி இருந்திருக்கிறது. காஞ்சிபுரத்து வாசலில் யாரும் ஓட்டைப் பிரிக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்தால், உத்தரப்பிரதேசத்தில் ஆசம்கரைச் சேர்ந்த லால் பிகாரியைத் தேடிப் படியுங்கள். நிலத்துக்காகச் சொந்தக்காரர்களே அரசு ஆவணத்தில் அவரை இறந்தவராக எழுதவைத்துவிட்டார்கள். 1975இலிருந்து 1994 வரை, தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போராடினார். தன்னைப் போன்றவர்களுக்காக 'மிருதக் சங்கம்' என்று, அதாவது செத்தவர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார். 2021இல் 'காகஸ்' என்ற இந்திப் படமாகவும் அது வந்தது.

நாய் விஷயம் ஒன்று சொல்லாமல் விட முடியாது. ஜவ்வாது மலை அடிவாரத்தை ஒட்டிய செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது. அதில் எடுத்தனூர் நடுகல் முக்கியமானது. 7ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், மகேந்திரவர்மப் பல்லவன் காலம். மாடு பிடிக்க வந்த கள்ளர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு வைத்த கல். அவன் பக்கத்திலேயே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்து, கடைசிவரை காத்து நின்ற அந்த நாயின் பெயரையும் கல்வெட்டில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஒரே வட்டாரத்தில், வீட்டுக்குத் திரும்பி ஓடிய ஏழு நாய்களின் கதையும் இருக்கிறது, திரும்பாமல் நின்ற ஒரு நாய்க்குக் கல்லும் இருக்கிறது. திரும்பி ஓடிய ஏழுக்கும் பெயர் இல்லை.

கிளம்பும்போது நண்பனிடம் மன்னிப்பு கேட்டேன். "எதுக்கு?" என்றான். நிஜமாகவே மறந்துவிட்டானா, நடித்தானா தெரியவில்லை. ஆயா உள்ளே போய் ஒரு ஆகாச கருடன் கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "அந்தக் கருமாதி ரூமு வாசல்ல கட்டு கண்ணு. போயிட்டு வா" என்றார். "வரேன் ஆயா" என்றேன்.

இப்போது அது எங்கள் அறை வாசலில், வவ்வால் ஸ்டிக்கருக்கும் டியூப்லைட்டுக்கும் நடுவில் தொங்குகிறது. மூன்று வாரத்தில் தளிர் விட்டுவிட்டது. அறைத்தோழன் அதற்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நண்பன் இப்போதெல்லாம் உள்ளே வந்து அந்தச் சவப்பெட்டி அலமாரியில் சாய்ந்துகொண்டுதான் அரட்டை அடிக்கிறான்.